சுற்றுச்சூழல் அறிவியல் பட்டப்படிப்பு: சேர்வதற்கு முன்பிருந்து ஆய்வேடு வரை

காடு, கடல், காலநிலை என்று ஏதோ ஒன்றின் மேல் உள்ள பிடிப்பில்தான் பலர் இந்தப் படிப்புக்கு வருகிறார்கள். முதல் செமஸ்டரில் கையில் கிடைப்பதோ பியூரெட்டும் மடக்கையும். அங்கேயே சிலருக்கு மனம் விட்டுப்போகிறது. ஒரு ஆறு கெட்டுவிட்டது என்று சொல்ல யாராலும் முடியும். எவ்வளவு, எப்போதிலிருந்து, எதனால் என்று கேட்டால் பதில் சொல்லக் கற்றுத் தருவது இந்தப் பட்டம். அதனால் இந்த வழிகாட்டி முழுக்க அளப்பதைச் சுற்றியே போகும்.

எந்தப் பட்டம்?

படிப்பின் பெயரை வைத்து முடிவெடுக்க வேண்டாம். ஒரே பெயரில் ஒரு பல்கலைக்கழகம் வேதியியலை நடுவில் வைத்திருக்கும், இன்னொன்று புவியியலை, மற்றொன்று சட்டத்தையும் கொள்கையையும். சுற்றுச்சூழல் பொறியியல் என்றால் சுத்திகரிப்பு நிலையத்தையும் குழாயையும் வடிவமைக்கும் வேலை. சூழலியல் என்றால் உயிரினங்களும் அவற்றின் உறவுகளும். சுற்றுச்சூழல் அறிவியல் இவை இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. காற்று, நீர், மண், உயிர் நான்கையும் தொட்டுச் செல்லும்.

பாடத்திட்டத்தை இறக்கி வைத்துக்கொண்டு நான்கு கேள்விகளுக்கு விடை தேடுங்கள். புள்ளியியல் கட்டாயப் பாடமா, விருப்பப் பாடமா? களப்பணி மொத்தம் எத்தனை நாள்? லேபில் ஒவ்வொருவரும் தன் கையால் செய்கிறார்களா, ஐந்து பேர் நின்று பார்க்க ஒருவர் செய்கிறாரா? கடைசி ஆண்டு ஆய்வேடு தனி ஆள் வேலையா? புள்ளியியல் விருப்பப் பாடமாக மட்டுமே இருந்தால் அதை நீங்களாகவே எடுத்துக்கொள்ளத் தயாராக இருங்கள். களப்பணியே இல்லாத பட்டத்தை, வேறு வழி இருந்தால், தவிர்ப்பது நல்லது.

வகுப்பு தொடங்கும் முன்

மூன்று விஷயங்கள் கைக்கு வந்தால் போதும்: செறிவுக் கணக்கு, மடக்கை, அலகு மாற்றம். பள்ளியில் படித்ததுதான், ஆனால் வேகமாக வர வேண்டும்.

செறிவுக் கணக்குக்கு ஒரு பயிற்சி. லிட்டருக்கு 1000 மில்லிகிராம் நைட்ரேட் உள்ள மூலக்கரைசலிலிருந்து, லிட்டருக்கு 5 மில்லிகிராம் உள்ள கரைசல் 100 மில்லி வேண்டும். கணக்குப்படி மூலக்கரைசலில் 0.5 மில்லி எடுத்து 100 மில்லிக்கு நிரப்பினால் விடை சரி. ஆனால் பைப்பெட்டில் 0.02 மில்லி பிசகினாலே 4 சதவீதப் பிழை. அதனால் முதலில் மூலக்கரைசலைப் பத்து மடங்கு நீர்த்து 100 மில்லிகிராமுக்குக் கொண்டுவந்து, அதிலிருந்து 5 மில்லி எடுங்கள். அதே 0.02 மில்லி பிசகு இப்போது 0.4 சதவீதம்தான். நீர்த்தலை இரண்டு படியாகச் செய்யச் சொல்வதற்குக் காரணம் இதுவே.

மடக்கை எதற்கு என்றால் பி.எச்சுக்கு. ஒரு அலகு குறைந்தால் ஹைட்ரஜன் அயனி பத்து மடங்கு கூடுகிறது. பி.எச் 5 உள்ள நீரும் 7 உள்ள நீரும் சம அளவில் இருந்தால் சராசரி 6 என்று எழுதத் தோன்றும். ஹைட்ரஜன் அயனியின் செறிவில் சராசரி எடுத்துத் திருப்பினால் 5.3 வருகிறது.

அலகில் அடிக்கடி வழுக்கும் இடம் நைட்ரேட். சில அறிக்கைகள் நைட்ரேட்டை நைட்ரேட்டாகவே தரும், சில அதிலுள்ள நைட்ரஜனை மட்டும் தரும். இரண்டுக்கும் இடையே 4.43 மடங்கு வித்தியாசம். குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் தரும் வழிகாட்டி அளவு நைட்ரேட்டாக லிட்டருக்கு 50 மில்லிகிராம். நைட்ரஜனாகச் சொன்னால் அதுவே சுமார் 11. எந்தக் கணக்கு என்று பார்க்காமல் இரண்டு அட்டவணைகளை ஒப்பிட்டால், சுத்தமான கிணறு மோசமானதாகவும் மோசமான கிணறு சுத்தமானதாகவும் மாறிவிடும்.

முதலாண்டில் பிடித்துக்கொள்ள வேண்டிய ஒரு கருத்து

முதலாண்டுப் பாடங்கள் சிதறிக் கிடப்பதுபோல் தெரியும்: ஒரு நாள் கார்பன் சுழற்சி, மறுநாள் ஏரி, அடுத்த வாரம் காற்று மாசு. எல்லாவற்றுக்கும் அடியில் ஓடுவது இருப்பும் ஓட்டமும். ஒரு பெட்டியில் எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு உள்ளே வருகிறது, எவ்வளவு வெளியே போகிறது. இருப்பை ஓட்டத்தால் வகுத்தால் கிடைப்பது தங்கும் காலம்.

ஒரு ஏரியில் 10 லட்சம் கன மீட்டர் நீர் இருக்கிறது, நாளுக்கு 5000 கன மீட்டர் வந்து அதே அளவு வெளியேறுகிறது என்று வைத்துக்கொள்வோம். தங்கும் காலம் 200 நாள். கழிவு வருவதை இன்றே நிறுத்தினாலும், கரைந்து மட்டும் இருக்கும் ஒரு மாசு, நீர் நன்றாகக் கலக்கும் ஏரியில் 200 நாள் கழித்து 37 சதவீதத்துக்கு இறங்கும்; 5 சதவீதத்தைத் தொட 600 நாள் ஆகும். அடிச்சேற்றில் தங்கும் பாஸ்பரஸ் என்றால் இந்தக் கணக்கு பலிக்காது, சேறு அதைப் பல ஆண்டுகள் திருப்பி விட்டுக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு பாடத்திலும் பெட்டி எது, ஓட்டம் எது என்று ஓரத்தில் படம் போட்டுக்கொண்டே வந்தால் தேர்வுக்குத் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியது பாதியாகக் குறையும்.

களம்: ஒரு பாட்டில் தண்ணீரைச் சரியாக எடுப்பது

தண்ணீர் மாதிரி எடுப்பது சுலபம் என்று தோன்றும். லேபில் எவ்வளவு கவனமாக இருந்தாலும், ஆற்றங்கரையில் விட்ட பிழையை அங்கே சரிசெய்ய முடியாது என்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

புறப்படும் முன் எதை அளக்கப் போகிறோம் என்று முடிவாகிவிட வேண்டும், பாட்டில் அதைப் பொறுத்தது. உலோகத்துக்கு அமிலத்தில் கழுவிய பிளாஸ்டிக் பாட்டில், நைட்ரிக் அமிலம் சேர்த்துப் பி.எச்சை 2-க்குக் கீழே இறக்க வேண்டும். இல்லாவிட்டால் உலோகம் பாட்டில் சுவரில் ஒட்டிக்கொள்ளும். கரைந்த உலோகம் மட்டும் வேண்டுமென்றால் 0.45 மைக்ரோமீட்டர் வடிதாளில் வடிகட்டிய பிறகுதான் அமிலம். வரிசையை மாற்றினால் மிதக்கும் மண்ணிலிருந்த உலோகமும் கரைந்து வந்துவிடும். பூச்சிக்கொல்லிக்குப் பழுப்புக் கண்ணாடி. பாக்டீரியாவுக்குக் கிருமிநீக்கிய பாட்டில்; குளோரின் சேர்த்த நீராக இருந்தால் அதற்குள் சோடியம் தயோசல்பேட் முன்கூட்டியே இருக்க வேண்டும், இல்லையேல் வழியிலேயே குளோரின் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். பாஸ்பேட்டுக்கு எடுக்கும் பாட்டிலைப் பாஸ்பேட் உள்ள சோப்புத்தூளால் கழுவக் கூடாது. இது எல்லோருக்கும் தெரியும். பாட்டிலைக் கழுவுகிறவருக்குச் சொல்லத்தான் மறந்துபோகும்.

கரையில் செய்ய வேண்டியவை, இதே வரிசையில்:

1. லேபிளைத் தண்ணீரில் இறங்கும் முன்பே எழுதி ஒட்டுங்கள்: இடக் குறியீடு, தேதி, நேரம், சேர்த்த பொருள், எடுத்தவர் பெயரின் முதலெழுத்து. பாட்டிலின் உடலில் ஒட்ட வேண்டும், மூடியில் அல்ல. மூடிகள் மாறிப்போகும்.

2. பி.எச், வெப்பநிலை, மின்கடத்துதிறன், கரைந்த ஆக்சிஜன் நான்கையும் அங்கேயே அளந்துவிடுங்கள். லேபுக்குப் போய்ச் சேர்வதற்குள் கார்பன் டை ஆக்சைடு வெளியேறிப் பி.எச் மேலே ஏறியிருக்கும். பி.எச் மீட்டரை அன்று காலையே பி.எச் 4, 7, 10 என்று மாறாமல் நிற்கும் தாங்கல் கரைசல்களில், குறைந்தது இரண்டிலாவது, சரிபார்த்திருக்க வேண்டும். மின்முனையைக் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்தால் கெட்டுப்போகும்; அதன் இடம் பொட்டாசியம் குளோரைடு கரைசல்.

3. ஓடும் நீரில், எடுக்கப் போகும் இடத்துக்குக் கீழ்ப்பக்கமாக நில்லுங்கள். பாட்டிலின் வாய் நீர் வரும் திசையைப் பார்க்கட்டும். உங்கள் காலால் கிளம்பும் சேறு பாட்டிலுக்குள் வரக் கூடாது.

4. அதே நீரால் மூன்று முறை அலசிக் கீழ்ப்பக்கம் கொட்டுங்கள். பாக்டீரியா பாட்டில், உள்ளே அமிலமோ வேறு பொருளோ போட்ட பாட்டில், எண்ணெய்க்கு எடுக்கும் பாட்டில் ஆகியவற்றை மட்டும் அலசக் கூடாது.

5. மேல்பரப்பில் மிதக்கும் படலத்தைத் தவிர்த்துச் சுமார் 15 முதல் 30 சென்டிமீட்டர் ஆழத்தில் நிரப்புங்கள். ஆக்சிஜனுக்கான பாட்டிலில் ஒரு காற்றுக்குமிழிகூட இருக்கக் கூடாது.

6. ஐஸ் பெட்டியில், இருட்டில் வையுங்கள். பத்து மாதிரிக்கு ஒன்றாவது இரட்டை மாதிரி (அதே இடத்தில் இன்னொரு பாட்டில்) எடுங்கள். காய்ச்சி வடித்த நீரைக் களத்துக்கு எடுத்துச் சென்று, அங்கே பாட்டிலில் ஊற்றி, மற்ற மாதிரிகளைப் போலவே நடத்திக் கொண்டுவாருங்கள். அதில் நைட்ரேட் தெரிந்தால் அது ஆற்றில் இருந்து வந்ததல்ல, உங்களிடமிருந்து வந்தது.

நேரத்தைக் குறிக்கச் சொல்வது சம்பிரதாயத்துக்காக அல்ல. பாசி நிறைந்த குளத்தில் கரைந்த ஆக்சிஜன் பிற்பகலில் உச்சத்திலும் விடியலுக்குச் சற்று முன் அடிமட்டத்திலும் இருக்கும். மேல்பக்கக் குளத்தைக் காலை 6 மணிக்கும் கீழ்ப்பக்கக் குளத்தை மதியம் 2 மணிக்கும் அளந்தால், நீங்கள் ஒப்பிட்டது இரண்டு குளங்களை அல்ல, இரண்டு நேரங்களை.

குறிப்பேட்டில் பென்சிலால் எழுதுங்கள். மையெழுத்து மழையில் கரைந்துவிடும். தவறை அழிக்காமல் ஒரு கோடு போட்டுப் பக்கத்தில் சரியானதை எழுதுவது வழக்கம். தனியாகப் போகாதீர்கள், ஓடும் நீரில் முழங்காலுக்கு மேல் இறங்காதீர்கள், கையில் வெட்டுக்காயம் இருந்தால் கையுறை இல்லாமல் நீரைத் தொடாதீர்கள். எலிக்காய்ச்சல் அந்த வழியாகத்தான் வருகிறது.

லேபில்: பி.ஓ.டி ஏன் தப்பிப் போகிறது

பி.ஓ.டி என்றால் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை. எல்லாப் பல்கலைக்கழகத்திலும் வரும் சோதனை இது. நீரிலுள்ள கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் ஐந்து நாளில் எவ்வளவு ஆக்சிஜன் எடுத்துக்கொள்கின்றன என்பதுதான் அளவு. 300 மில்லி பாட்டில், 20 டிகிரி செல்சியஸ், முழு இருட்டு.

இருட்டு எதற்கென்றால், வெளிச்சம் பட்டால் பாசி ஆக்சிஜனைத் தயாரித்துக் கணக்கைக் கெடுக்கும். நீர்த்தல் எதற்கென்றால், 20 டிகிரியில் நன்னீர் பிடித்துவைத்துக்கொள்ளும் ஆக்சிஜனே லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம்தான். சாக்கடை நீரை அப்படியே நிரப்பினால் ஐந்து நாளுக்கு வெகுமுன்பே எல்லாம் தீர்ந்து பூஜ்யம் காட்டும். அந்தப் பூஜ்யத்திலிருந்து எதையும் கணக்கிட முடியாது.

6 மில்லி மாதிரியை நீர்த்தல் நீரோடு சேர்த்து 300 மில்லி ஆக்கினால் மாதிரியின் பங்கு 0.02. தொடக்கத்தில் ஆக்சிஜன் 8.8, ஐந்தாம் நாள் 4.8 என்றால் குறைந்தது 4.0. அதை 0.02-ஆல் வகுத்தால் லிட்டருக்கு 200 மில்லிகிராம். இந்த முடிவை ஏற்க இரண்டு நிபந்தனைகள்: குறைந்தது 2 மில்லிகிராமாவது செலவாகியிருக்க வேண்டும், கடைசியில் குறைந்தது 1 மில்லிகிராமாவது மிஞ்சியிருக்க வேண்டும். முதல் தடவையிலேயே சரியான நீர்த்தல் அமைவது அரிது. அதனால் ஒரே மாதிரிக்கு 3, 6, 12 மில்லி என்று மூன்று நீர்த்தல் வையுங்கள். நீர்த்தல் நீரை மட்டும் நிரப்பிய ஒரு பாட்டிலும் கூடவே இருக்கட்டும்.

சனி, ஞாயிறு மூடும் லேப் என்றால் திங்கட்கிழமை தொடங்காதீர்கள், ஐந்தாம் நாள் சனிக்கிழமையில் வந்து விழும். செவ்வாயும் ஆகாது. புதன், வியாழன், வெள்ளி நல்லவை. ஒவ்வொரு புது வகுப்பிலும் யாராவது பூட்டிய கதவுக்கு முன் நிற்பதுண்டு.

ஆக்சிஜனை அளக்க வின்க்லர் முறை, 1888-இல் வந்தது, இன்றும் மீட்டர்களைச் சரிபார்க்கப் பயன்படுகிறது. 300 மில்லி பாட்டிலில் மாங்கனஸ் சல்பேட் 1 மில்லி, காரம்-அயோடைடு-அசைடு கரைசல் 1 மில்லி. இரண்டையும் பைப்பெட் நுனி நீருக்குள் இருக்கும்படி விடுங்கள். மூடி, பலமுறை தலைகீழாகத் திருப்புங்கள். பழுப்பு வீழ்படிவு வந்தால் ஆக்சிஜன் உண்டு. வெள்ளையாகவே இருந்தால் ஆக்சிஜன் இல்லை. சோதனை தோற்றுவிட்டது என்று நினைத்துக் கொட்டிவிட வேண்டாம், அதுவும் விடைதான். வீழ்படிவு பாதிக்குக் கீழே இறங்கியதும் அடர் கந்தக அமிலம் 1 மில்லி விட்டு மூடிக் கரையுங்கள். அசைடு நச்சுப்பொருள், அமிலத்தோடு சேர்ந்தால் நச்சு ஆவி தரும்; கழிவை அதற்குரிய கலனில் மட்டும் ஊற்றுங்கள். பிறகு 201 மில்லி எடுத்து 0.025 நார்மல் சோடியம் தயோசல்பேட்டால் தரம்பாருங்கள். செலவான ஒவ்வொரு மில்லியும் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் ஆக்சிஜன். 201 என்ற விசித்திர எண் வந்தது, முதலில் விட்ட 2 மில்லி கரைசல் வெளியேற்றிய நீரை ஈடுகட்ட.

ஸ்டார்ச் சேர்க்கும் நேரத்தில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். கரைசல் வெளிறிய வைக்கோல் நிறத்துக்கு வந்த பிறகே விட வேண்டும். அயோடின் நிறைய இருக்கும்போதே விட்டால் அது ஸ்டார்ச்சை இறுகப் பற்றிக்கொண்டு, நீலம் போகாமல் இழுத்துக்கொண்டே இருக்கும், முடிவுப்புள்ளி தாண்டிப்போகும்.

புள்ளியியல்

ஆர் என்ற இலவச மென்பொருளை முதலாண்டிலேயே நிறுவிக்கொள்ளுங்கள். அதனுள்ளேயே ஏர்குவாலிட்டி என்ற தரவு இருக்கிறது: நியூயார்க் காற்றின் 1973 மே முதல் செப்டம்பர் வரையிலான 153 நாள் அளவீடுகள். ஓசோன் பத்தியின் சராசரியைக் கேட்டுப் பாருங்கள். எண் வராது, விடை இல்லை என்றே வரும், ஏனென்றால் 37 நாளுக்கு அளவே இல்லை. அந்த நாள்களை விட்டுக் கணக்கிட்டால் சுமார் 42. வெற்றிடங்களில் 0 போட்டு நிரப்பினால் சுமார் 32. காற்று திடீரென்று கால்பங்கு சுத்தமாகிவிட்டது! அளக்காதது வேறு, இல்லாதது வேறு. கருவியின் கண்டறிவு வரம்புக்குக் கீழே வந்த மாதிரியையும் 0 என்று எழுதாமல், வரம்பைக் குறிப்பிட்டு அதற்குக் கீழ் என்றே பதிவுசெய்யுங்கள்.

அடுத்த பொறி, எண்ணிக்கையைப் பெருக்கிக் காட்டுவது. ஒரு பாட்டிலிலிருந்து மூன்று முறை அளந்தால் மூன்று மாதிரி ஆகாது. கருவி எவ்வளவு தடுமாறுகிறது என்று மட்டும் அது சொல்லும். ஆலைக்கு மேலே ஒரு இடம், கீழே ஒரு இடம், இரண்டிலும் பத்துப் பத்து பாட்டில் எடுத்து வேறுபாடு உறுதி என்று எழுதினாலும் அதே சிக்கல்தான். இரண்டு இடங்கள் எப்படியும் எதிலாவது வேறுபடும், ஆலையே இல்லாவிட்டாலும். சூழலியலாளர் ஸ்டூவர்ட் ஹர்ல்பர்ட் 1984-இல் இதற்குப் பெயர் வைத்து விரிவாக எழுதினார், சூடோரெப்ளிகேஷன் என்று. இன்றும் ஆய்வேடுகள் அடிபடும் இடம் இது. மாதிரி எடுக்கும் முன்பே புள்ளியியல் ஆசிரியரிடம் திட்டத்தைக் காட்டுங்கள். எடுத்த பின் காட்டினால் அவரால் பெரிதாக எதுவும் செய்ய முடியாது.

செயற்கைக்கோள் படம்

லேண்ட்சாட் படங்கள் 2008 முதல் இலவசம், 30 மீட்டர் துல்லியம், அதாவது படத்தின் ஒரு புள்ளி தரையில் 30 மீட்டர். சென்டினல்-2 முக்கியப் பட்டைகளில் (ஒரு பட்டை என்பது ஒரு வகை ஒளியை மட்டும் பதிவுசெய்த படம்) 10 மீட்டர் தருகிறது. எட்டு மீட்டர் அகல ஓடையை லேண்ட்சாட்டில் தேடிப் பயனில்லை. வரைபட வேலைக்குக் கியூஜிஐஎஸ் என்ற மென்பொருள் போதும், அதுவும் இலவசம்.

புதியவர்கள் மூன்று இடங்களில் சறுக்குகிறார்கள். முதலாவது ஆயத்தொலை அமைப்பு. டிகிரியில் உள்ள வரைபடத்தில் 100 மீட்டர் வளையம் போட நினைத்து 100 என்று கொடுத்தால், மென்பொருள் 100 டிகிரிக்குப் போட்டுவிடும். முதலில் மீட்டர் அமைப்புக்கு மாற்றுங்கள். இரண்டாவது பட்டை எண். செடிகொடி எவ்வளவு அடர்ந்திருக்கிறது என்று காட்டும் பசுமைக் குறியீட்டுக்கு அகச்சிவப்பும் சிவப்பும் வேண்டும். லேண்ட்சாட் 5, 7 இரண்டிலும் அவை 4, 3. லேண்ட்சாட் 8-இல் 5, 4. பழைய சூத்திரத்தை அப்படியே புதிய படத்தில் ஓட்டினால் சிவப்பையும் பச்சையையும் கழித்துக்கொண்டிருப்பீர்கள், படம் அழகாகத்தான் வரும். மூன்றாவது பருவம். மழை முடிந்த மாதத்தின் படத்தையும் கடும் வறட்சி மாதத்தின் படத்தையும் ஒப்பிட்டுக் காடு அழிந்தது என்று எழுதக் கூடாது.

ஆய்வேடு

தலைப்பைச் சிறிதாக்குங்கள். ஆற்று மாசு என்பது தலைப்பு ஆகாது. ஒரு ஓடையில் மழைக்கு முன்னும் பின்னும் மிதக்கும் மண் எவ்வளவு மாறுகிறது என்பது ஆகும், ஏனென்றால் எதை, எங்கே, எப்போது அளப்பது என்று அதுவே சொல்கிறது.

16 வாரம் கையில் இருந்தால் களத்துக்கு ஆறுக்கு மேல் ஒதுக்காதீர்கள். மாதிரி எடுக்க அனுமதி வர வாரக்கணக்கில் ஆகலாம்; அதற்கான கடிதம்தான் முதல் வேலை. பொது லேபில் உலோகச் சோதனைக்கு வரிசை இருக்கும், எத்தனை நாள் என்று முன்பே கேட்டு வையுங்கள். உண்மையான வேலை தொடங்கும் முன் ஒரே ஒரு நாள் முழு ஒத்திகை போடுங்கள்: மாதிரி எடுத்து, லேபில் அளந்து, ஆர் மென்பொருளில் ஏற்றி, ஒரு வரைபடம் வரும்வரை. எது குறைகிறது என்று அன்றைக்கே தெரிந்துவிடும்.

மூலத் தரவுக் கோப்பைத் தொடாமல் தனியே வைத்துவிட்டு நகலில் மட்டும் வேலை செய்யுங்கள். மூன்று இடங்களில் பிரதி இருக்கட்டும், அதில் ஒன்று உங்கள் வீட்டிலும் கல்லூரியிலும் இல்லாத இடம். எழுதும்போது செய்முறை அத்தியாயத்தைக் களப்பணி நடக்கும்போதே எழுதி முடியுங்கள், அப்போதுதான் பாட்டிலின் அளவும் வடிதாளின் எண்ணும் நினைவில் இருக்கும். அடுத்து அட்டவணைகளும் படங்களும், பிறகு அவற்றைப் பற்றிய விவாதம், கடைசியில் முன்னுரை. பி.எச் மீட்டர் ஒரு தசமத்துக்கு மட்டும் நம்பகமானது என்றால் அட்டவணையில் 7.2 என்று எழுதுங்கள். மென்பொருள் தந்தது என்பதற்காக 7.2347 என்று எழுதினால் தேர்வாளரின் முதல் கேள்வி அங்கிருந்துதான் வரும்.